அவர் தெளிந்த மதியம்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுகிறேன். ஒரு ஆள் விட்டுப்போயிருந்தாலும் சொல்லு. என் பெரியவன், எலக்ட்ரீஷியன், அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அவன் பெண்டாட்டி, மருந்துக் கடையில் நிற்கிறவள், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. என்னைப் பார்க்க வந்திருந்த நீ. கட்டிலில் என் வீட்டுக்காரர். பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த நான். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். கீழ்வீட்டு டெய்லர் எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே வந்தார், அவரைச் சேர்க்கவில்லை. இவ்வளவுதான். இதில் அவர் பேசியதைக் கேட்காதவள் நான் ஒருத்திதான்.

எத்தனை வருஷம் அவர் புத்தி கலங்கிக் கிடந்தார் என்று உனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வாய். கோடை லீவுக்கு வந்து எட்டிப் பார்த்தவளுக்கு என்ன தெரியும்? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பஸ் ஓட்டின காலத்து நினைப்பில், இல்லாத ஸ்டீயரிங்கை நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டிருப்பார். நான் யார் என்று தெரியாது. என்னைக் கண்டக்டர் என்பார். "கண்டக்டர், ஆள் ஏறியாச்சா?" என்பார். ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சாப்பிடக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அதனால் நான் ஒரு விசில் அடிப்பேன். பஸ் நிற்கும். ஒரு வாய் சூப் கொடுப்பேன். இரண்டு விசில் அடிப்பேன். பஸ் கிளம்பும். ஒரு கிண்ணம் சூப்புக்கு எத்தனை ஸ்டாப் என்று யோசித்துப் பார். நெஞ்சு காய்ந்துபோகும். பெரியவன் எனக்கு நிஜ விசிலே வாங்கிக் கொடுத்தான், சிரிக்காதே.

அப்படி இருந்த மனுஷன் ஒரு மதியம் தூங்கி எழுந்து, எல்லாரையும் அடையாளம் தெரிந்து, பழைய குரலில் பேசினாராம். வெகுநேரம் பேசினாராம். சிரித்தாராம். நான் பத்தடி தள்ளிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தது யார்?

நீ கதவைத் திறந்து எழுப்பியபோது அவர் என் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். முகம் மழித்திருந்தது. நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. தலை படிய வாரியிருந்தது. நான் வாசலில் நின்று, "யாருங்க இது, மாப்பிள்ளை மாதிரி?" என்று சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன்.

பிணத்தைப் பார்த்துச் சிரித்தவள் ஆக்கிவிட்டீர்கள் என்னை.

என் வாசற்படி ஏறாதே என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னேன். அது சொன்னது சொன்னதுதான். போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், உன்னைத் தேற்றுவதற்குள் நான் கேட்டது மறைந்துபோகும். எழுது. நான் படித்தது கொஞ்சம்தான், ஆனால் உன் டைப்பிஸ்ட் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஏன் என்னை எழுப்பவில்லை?

அக்கா

என் கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டு போனதையும் நான் மறக்கவில்லை.


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ யாரையும் விட்டுவிடவில்லை. நீ எழுதியபடிதான் இருந்தோம்.

தப்பு என்னுடையது. நீ இருந்த இடத்தில் நான் இருந்தாலும் இதே கோபம்தான் வரும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நீ படுத்துக் கொஞ்ச நேரத்தில் மாமா விழித்தார். கையை ஸ்டீயரிங் மாதிரி தூக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். பெரியவனிடம், "ஏண்டா, இன்னிக்கு வேலைக்குப் போகலையா? அதுக்குள்ள சோம்பேறி ஆயிட்டியா?" என்றார். வெளியூர் போய்விட்டு வந்த ஆள் விசாரிக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அவன் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. என்னைப் பார்த்து, "டைப்பிஸ்ட்டம்மா, நீ எப்ப வந்த? என்ன தலையில சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்க?" என்றார். நாங்கள் சிரித்தோம், அழுதோம், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டோம். தண்ணீர் கேட்டு, தானே டம்ளரைப் பிடித்துக் குடித்தார். "இது யார் வீடு? வாடகை எவ்வளவு வாங்கறான்?" என்று கேட்டார். மருமகள் சொன்னதும், "கொள்ளைக்காரன்" என்றார்.

எங்களுக்கு அது குணமானதாகத்தான் தோன்றியது. ஒரு மதியத்துக்கு மட்டும் என்று யாருக்கு அக்கா தோன்றும்? இனிமேல் எல்லா நாளும் இப்படித்தான் என்று நினைத்தோம். மருமகள் நீலச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட ஓடினாள். பெரியவன் உன்னை எழுப்பப் போனான். நான்தான் தடுத்தேன். முகம் மழித்து, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, அதற்குப் பிறகு உன்னை அழைத்து வந்து காட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. அந்த ஆசையால்தான் எல்லாம் போயிற்று. எல்லாம் முடிந்து உட்கார்ந்ததும், "கொஞ்சம் அசதியா இருக்கு" என்று கண்ணை மூடினார்.

ஒன்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்குமோ என்று எழுதுகிறேன். போன வாரம் மாமா என் கனவில் வந்தார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தார், அக்கா. முகத்தில் கவலையே இல்லை.

குடையை நான் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 21

தங்கச்சிக்கு,

உன் கனவில் அவருக்கு என்ன வேலை?

அவர் போன நாளிலிருந்து நான் அவருக்காகவே படுக்கிறேன். சாப்பிட்டதும் படுக்கிறேன், மதியம் படுக்கிறேன், பேத்தி டிவி பார்க்கிற சத்தத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். கண்ணை மூடினால் இருட்டு, திறந்தால் சுவர். அவ்வளவுதான். ஒரு தரம், ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. கூடவே கிடந்து விசில் ஊதினவளை விட்டுவிட்டு, லீவுக்கு வந்து போகிற கொழுந்தியா கனவுக்குப் போனாராம். ரூட் மாறிப் போய்விட்டாரா? அந்தக் கனவு எனக்கு வர வேண்டியது. விலாசம் தவறி உன்னிடம் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பு.

கைப்பிடி ஒடிந்த குடையைக் கொடுத்தால் அதற்குப் பெயர் திருப்பிக் கொடுப்பதா?

அது இருக்கட்டும். நீ பொய் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் பெரியவன் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சத்தமாகப் படித்துக் காட்டினேன். எழுப்பப் போனான், நான் தடுத்தேன் என்ற இடம் வந்ததும் அவன் கை தட்டிலேயே நின்றது. "நான் எங்கம்மா எழுப்பப் போனேன்? சித்தி உன்னை எழுப்பறதுக்கு எழுந்திருச்சாங்க, நான் பிளேடு வாங்கக் கீழ கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தா சித்தி அப்பா பக்கத்துல உட்கார்ந்து அழுதுட்டு இருந்தாங்க. 'அம்மா எங்க'ன்னேன். 'கொஞ்சம் கழிச்சு'ன்னாங்க" என்றான். மருமகள் இஸ்திரிப் பெட்டியோடு உள்ளே இருந்திருக்கிறாள். ஆக அவன் கடைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் அவர் பக்கத்தில் இருந்தது நீ மட்டும்தான்.

எழுப்ப எழுந்தவள் ஏன் உட்கார்ந்தாய்? எழுப்பப் போனது என் மகன் என்று ஏன் எழுதினாய்?

சரி, இன்னொன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் நிஜம் சொல்லிவிடு. இதுதான் என் நெஞ்சில் உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்கிறது. அவர் என்னைக் கேட்டாரா? கேட்டிருந்தால், "கண்டக்டர் எங்க" என்று கேட்டாரா, "அவ எங்க" என்று கேட்டாரா? கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு எதிரில் நின்றால் "இவளே", தள்ளி இருந்தால் "அவ". வேறு பெயர் கிடையாது. புத்தி கலங்கிய பிறகு அந்த வார்த்தை என் காதில் விழவே இல்லை. கண்டக்டர், கண்டக்டர் என்றே போய்ச் சேர்ந்தாரா, இல்லை என்னைத் தெரிந்துகொண்டு போனாரா?

கேட்கவே இல்லை என்றால் அதையும் எழுது. செத்துவிட மாட்டேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

"அவ" என்றுதான் கேட்டார்.

தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், "அவ எங்க? கடைக்குப் போயிருக்காளா?" என்றார். கண்டக்டர் என்ற வார்த்தையே அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை.

இதற்கு மேல் என்னைக் கேட்காதே. தப்பு என்னுடையது என்று எழுதிவிட்டேன். அதோடு விடு.

உன் தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

உன் கடிதம் சின்னது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். பாத்திரம் கழுவினேன். மறுபடி எடுத்துப் படித்தேன். "கடைக்குப் போயிருக்காளா" என்பது அப்படியே அவர் பேச்சு. வீட்டில் நான் கண்ணில் படாவிட்டால் கடைக்குப் போயிருக்கிறேன் என்றுதான் நினைப்பார். நான் என்ன எந்நேரமும் கடையிலேயா குடியிருந்தேன்?

வருஷக்கணக்காக அழாமல் வைத்திருந்ததை அழுது தீர்த்தேன். மருமகள் பயந்து கடைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

பெரியவனைக் கூட்டிக்கொண்டு அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் யாருக்கு உடம்பு சரியில்லை என்றார். "எனக்கு ஒண்ணும் இல்லை, ஒரு விஷயம் கேக்கணும்" என்றேன். "மூளை தேஞ்சு போச்சு, இனிமே வளராதுன்னு படமெல்லாம் மாட்டிக் காட்டினீங்களே. தேஞ்சு போனது எப்படி ஒரு மதியத்துக்கு முழுசா வந்துச்சு?" "சில பேருக்கு இப்படி ஆகறது உண்டும்மா. போறதுக்கு முன்னாடி நல்லாத் தெளிஞ்சு பேசுவாங்க. நானே பார்த்திருக்கேன். ஏன்னு மட்டும் எங்களுக்குச் சரியாத் தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் யோசனை பிடித்துக்கொண்டது. முழுசாய் வந்தார் என்றால் எங்கேயோ முழுசாய் இருந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? இல்லாத இடத்திலிருந்து ஒரு ஆள் வர முடியுமா? அப்படி என்றால் நான் பேசினதெல்லாம் அவர் காதில் விழுந்ததா? பேசுவதற்கு எனக்கு வேறு யார் இருந்தார்கள், சொல்லு. சுவரைப் பார்த்துப் பேசுவதற்கு அவரைப் பார்த்துப் பேசினேன். மருமகளைப் பற்றி, உன்னைப் பற்றி, வாடகை வாங்குகிற வீட்டுக்காரனைப் பற்றி. பகலும் ராவும் அவர் பஸ் நிற்காது, நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன். "தூக்கம் வருதுங்க, கொஞ்சம் வண்டியை நிறுத்துங்க, தூக்கம் வருதுங்க" என்று தினமும் சொல்வேன். அவர் பாட்டுக்கு வளைவில் திருப்பிக்கொண்டிருப்பார்.

இப்போது என் கேள்விக்கு வா. "அவ எங்க" என்று ஒரு ஆள் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது பதில் சொல்வார். நீ என்ன சொன்னாய்? அதற்கு அவர் என்ன சொன்னார்? உன் கடிதம் அந்த இடத்தில் துண்டாக நிற்கிறது. என்னைக் கேட்டவர், என்னைப் பார்க்காமல், அவ்வளவு நேரம் முகத்தைக் காட்டிக்கொண்டு சவரம் செய்துகொண்டாரா? அவ ஏன் இன்னும் வரலை என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லையா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் சுருக்கமாகச் சொல்வாய். உன் சுருக்கம் எனக்குத் தெரியும். எழுதாவிட்டால் பஸ் ஏறி உன் வீட்டுக்கே வருவேன். என் வாசற்படி நீ ஏறக்கூடாது என்றுதான் சொன்னேன், உன் வாசற்படி நான் ஏற மாட்டேன் என்று சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முழங்காலோடு நீ பஸ் ஏற வேண்டாம். எழுதிவிடுகிறேன்.

"அவ எங்க" என்று கேட்டார். "பின் ரூம்ல தூங்கறா மாமா, இருங்க எழுப்பிட்டு வர்றேன்" என்று எழுந்தேன். மாமா முகத்தைத் தடவிப் பார்த்து பிளேடு வாங்கி வரச் சொல்லியிருந்தார், பெரியவன் அப்போதுதான் கடைக்கு ஓடினான். மாமா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுப்பாத. தூங்கட்டும். தூக்கம் வருது தூக்கம் வருதுன்னு எத்தனை நாளா சொல்லிட்டு இருக்கா" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா மாமா?" என்றேன். "கேக்காம? பஸ் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு உட்கார்ந்தா வெளிய நிக்கறவங்க பேசறது எப்படிக் கேக்கும், அப்படிக் கேட்டுது. நான் சொல்றதுதான் வெளிய போகல" என்றார். உன் பேத்தி பரீட்சையில் தோற்றது, நீ வழுக்கி விழுந்தது, எல்லாம் தெரிந்திருந்தது. அப்போதுதான் அழுதேன். அதைத்தான் பெரியவன் வந்து பார்த்தது.

நான் மறுபடி எழுந்தேன், அக்கா. உன்மேல் ஆணை. "இதைப் பார்த்தா அவ தூக்கத்தையா நினைப்பா? ஒரு குரல் குடுத்துடறேன் மாமா" என்றேன். விடவில்லை. "அவகிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அரைத் தூக்கத்துல எழுப்பிச் சொன்னா நல்லா இருக்காது. தானா எழுந்து வரட்டும், நானே சொல்லிக்கறேன். அதுக்குள்ள இந்த மூஞ்சியைச் சரி பண்ணி விடுங்க" என்றார். சவரம் அவர் கேட்டது. நாற்காலியை உன் கதவுக்கு நேராகப் போடச் சொன்னதும் அவர்தான். சட்டைக் காலரைத் தானே சரிசெய்துகொண்டு உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவன் "எழுப்பட்டுமாப்பா" என்று வாயெடுத்தபோது நான் கண்ணால் அடக்கினேன், அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டு. "டயம் இருக்கு" என்றார் மாமா. எங்களுக்கும் இருக்கிற மாதிரிதான் தோன்றியது.

என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. "என்கிட்ட சொல்லக் கூடாதா" என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஒரு கொட்டாவி. அசதியா இருக்கு என்றார். அவ்வளவுதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். என்மேல் கோபப்பட்டு உனக்குப் பழக்கம். உன்னிடம் திட்டு வாங்கி எனக்கும் பழக்கம். நாளைக்கே நீ ஆறிப்போனால் வந்து கட்டிக்கொள்ள நான் உயிரோடு இருக்கிறேன். அவர்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவாய்?

கனவும் பொய்தான், அக்கா. எனக்கும் அவர் வரவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சி,

படித்தேன். இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை.

படித்துவிட்டுப் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது, தெரியுமா? விரலால் தள்ளினால் திறக்கும். அந்தப் பக்கம் அவர் நல்ல புத்தியோடு, நல்ல சட்டையோடு. இந்தப் பக்கம் நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இந்தப் பலகை மட்டும்.

கனவு பொய் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் அவர் எங்கேயும் இல்லை.

அவர் சொல்லாமல் வைத்துக்கொண்டது என்ன என்று நாள் முழுக்கத் தேடுகிறேன். துணி மடிக்கும்போது ஒன்று தோன்றுகிறது, பால் காய்ச்சும்போது வேறொன்று. பழைய சண்டை ஏதாவதா? எங்கேயாவது எதையாவது வைத்துவிட்டு மறந்துபோனாரா? நான் ஊதின விசில் கேட்டது என்று சொல்லவா? ஒன்றுமே இல்லாமல் "இவளே" என்று கூப்பிட்டுப் பார்க்கவா? எதுவாக இருந்தாலும் நான் தூக்கக் கலக்கத்தில் கேட்டிருப்பேன். நின்றுகொண்டே தூங்கினவள் நான், எனக்குக் காது கேட்காதா? அரைகுறையாகப் புரிந்திருந்தாலும் மிச்சத்தை நானே இட்டு நிரப்பிக்கொண்டிருப்பேன். அவர் பேச்சில் பாதி எப்போதும் அப்படித்தானே.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு முதல் பஸ். நான் எழுந்துவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடப்பார். தானே டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவை மூச்சுவிடுகிற மாதிரி சாத்திக்கொண்டு போவார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னிடம் வந்து, நீ கொடுத்து வைத்தவள், எவ்வளவு நல்ல மனுஷன் என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர் கிளம்பிப் போவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று எவளிடமும் சொன்னதில்லை. எழுந்து பார்த்தால் கவிழ்த்த டம்ளர்தான் இருக்கும். என்னைக் கேட்டால், எழுப்பிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தர் நல்லது செய்யும்போது எப்படி வேண்டாம் என்பது?

நீ வா. வாசற்படி ஏறலாம். பழைய குடையையும் கொண்டு வா, பெரியவன் கைப்பிடி மாட்டித் தருவான். பெரியவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மருமகள் அவசரத்தில் இஸ்திரி போட்டாலும் காலர் மடிப்புக் கலையாமல் போட்டிருந்தாள், அதை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். டாக்டர், டெய்லர், இந்த வீட்டுக்காரன், எல்லார்மேலும் இருந்த வருத்தத்தைக் கீழே வைத்துவிட்டேன். தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பில்லை.

ஒரே ஒரு ஆள்மேல் மட்டும் வைத்திருக்கிறேன். போன பிறகு மனுஷர்கள் சந்தித்துக்கொள்கிற இடம் என்று ஒன்று இருந்தால், அங்கே போனதும் முதல் வேலையாகச் சண்டை போடுவேன். அப்படி ஒரு இடம் இல்லை என்றால் இந்தச் சண்டை என்னோடு எரியட்டும். எல்லாம் தெரிந்து, என்னையும் தெரிந்து, என் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, தூங்கட்டும் பாவம் என்று எனக்கு நல்லது செய்துவிட்டுப் போன அந்த ஆளை நான் மன்னிக்கவே மாட்டேன்.

என் வீட்டுக்காரரை.